பதில் சொன்னது எந்தச் சர்வர்? டிஎன்எஸ் செய்முறைத் தேர்வில் நான் கற்றது

பினாங்கில் கணினி வலையமைப்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது, டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டால் அதற்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்) அமைக்கும் செய்முறைத் தேர்வுக்கு நான் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. முதல் முறை, நான் அமைத்த சர்வரைச் சோதிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு வேறொரு சர்வரிடம் நாற்பது நிமிடங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இதே தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு அந்த நாற்பது நிமிடங்கள் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தேர்வில் மூன்று உபுண்டு கணினிகள் கொடுக்கப்பட்டன: ஒன்று முதன்மைச் சர்வர், ஒன்று அதன் பதிவுகளை நகலெடுத்து வைத்திருக்கும் துணைச் சர்வர், மற்றொன்று பயனர் கணினி. பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளை நிறுவி, 'லாப்.டெஸ்ட்' என்ற பெயருக்கு ஸோன் கோப்பும் (அந்தப் பெயரின் கீழ் வரும் பதிவுகளின் பட்டியல்), முகவரியிலிருந்து பெயரைத் தேடுவதற்கான தலைகீழ் ஸோன் கோப்பும் எழுத வேண்டும். நேரம் மூன்று மணி, குறிப்பேடு கிடையாது. ('.டெஸ்ட்' என்ற ஈறு சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்டது. வீட்டில் பயிற்சி செய்பவர்கள் '.லோக்கல்' என்று முடிக்க வேண்டாம். அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமலே ஒரே வலையமைப்புக்குள் பெயர் தேடும் முறை) உரியது, வீண் தலைவலி.)

பயனர் கணினியில், டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்கும் 'டிக்' கட்டளையைக் கொடுத்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. ஸோன் கோப்பில்தான் பிழை என்று முடிவுகட்டி, சரியாக இருந்த கோப்பைத் திருத்தித் திருத்தி, கடைசியில் உண்மையாகவே கெடுத்துவைத்தேன். உபுண்டுவில், எந்தச் சர்வரிடம் கேட்பது என்று சொல்லும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் 127.0.0.53 என்ற முகவரி இருக்கும். அது அந்தக் கணினிக்குள்ளேயே இயங்கும் இடைத்தரகர். டிஹெச்சிபி (கணினிக்கு முகவரியைத் தானாக வழங்கும் முறை) வழியாகக் கிடைத்த ஏதோ ஒரு சர்வரிடம் நம் கேள்வியைக் கடத்திவிடும். நான் அமைத்த சர்வருக்குக் கேள்வி போகவே இல்லை. 'டிக்' தரும் விடையின் அடிப்பகுதியில், பதிலளித்த சர்வரின் முகவரி தெளிவாக அச்சாகியிருந்தும், பதற்றத்தில் அந்த வரியை நான் படிக்கவில்லை. ஆகவே, கட்டளையில் சுழிக் குறி (@) இட்டுச் சர்வரின் முகவரியை நீங்களே கொடுங்கள். மேலே கொடிகள் வரிசையில் 'ஏஏ' இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால், ஸோனுக்கு உரிமையுள்ள சர்வரே பேசியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, ஸோன் கோப்பில் பெயரின் இறுதியில் வரும் புள்ளி. அது இல்லாவிட்டால் பைண்ட் ஸோனின் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிவிடும், 'என்எஸ்1.லாப்.டெஸ்ட்' என்று எழுதியது 'என்எஸ்1.லாப்.டெஸ்ட்.லாப்.டெஸ்ட்' ஆகிவிடும். ஸோனுக்குரிய சர்வரின் பெயரைச் சொல்லும் என்எஸ் பதிவில் இப்படி நேர்ந்தால், அந்தப் பெயருக்கு முகவரி இல்லை என்று கோப்பைச் சோதிக்கும் 'நேம்டு-செக்ஸோன்' கட்டளை காட்டிக்கொடுத்துவிடும். தலைகீழ் ஸோனில், முகவரிக்குரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவில் புள்ளியை விட்டால் அது 'ஓகே' என்றே சொல்லும்; 'டிக்' கொண்டு கேட்டுப் பார்க்கும்போதுதான் பெயருக்குப் பின்னால் '56.168.192.இன்-அடர்.ஆர்பா' என்ற வால் தொங்குவது தெரியும்.

ஸோன் கோப்பின் தொடக்கத்தில் வரும் எஸ்ஓஏ பதிவில் பொறுப்பாளரின் மின்னஞ்சலை எழுதும்போதும் கவனம் தேவை. நம் மலேசிய அடையாள அட்டைகளில் சிலரின் இரு பெயர்களுக்கு நடுவே வரும் அதே சுழிக் குறி, ஸோன் கோப்பில் அந்த ஸோனையே குறிக்கும். அதனால் மின்னஞ்சலில் அதற்குப் பதிலாகப் புள்ளியிட வேண்டும்.

மதிப்பெண் அதிகம் கரைவது அதே எஸ்ஓஏ பதிவின் வரிசை எண்ணில். ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண் என்று பத்து இலக்கங்களில் எழுதுவது வழக்கம். கோப்பைத் திருத்திவிட்டு இந்த எண்ணை உயர்த்த மறந்தால், முதன்மைச் சர்வர் புதிய பதிவைக் காட்டும்; துணைச் சர்வரோ எண் மாறவில்லை என்று பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். எண்ணை உயர்த்தியும் மாறாவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். துணைச் சர்வர் என்எஸ் பதிவுகளில் இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றம் நடந்த செய்தியே அதற்குப் போகாது. முதன்மைச் சர்வரில், யார் நகலெடுக்கலாம் என்று சொல்லும் 'அலவ்-டிரான்ஸ்ஃபர்' வரியில் அதன் முகவரி இருக்கிறதா? ஃபயர்வாலில், டிஎன்எஸ்ஸுக்குரிய 53ஆம் போர்ட் யுடிபி, டிசிபி என்ற இரு அனுப்பும் முறைகளில் டிசிபிக்கும் திறந்திருக்கிறதா? சாதாரணக் கேள்விகள் யுடிபியில் போய்வருவதால் எல்லாம் நலம் போலத் தோன்றும். ஸோன் முழுவதையும் நகலெடுப்பது டிசிபியில்தான்.

இரண்டாம் முறைக்கு, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வரும் ஃபெரியில் தினமும் ஒரு ஸோன் கோப்பைக் காகிதத்தில் கையால் எழுதினேன். ஜெட்டியை அடைவதற்குள் எஸ்ஓஏ முதல் பிடிஆர் வரை முடிக்க வேண்டும், பிறகு சிவப்புப் பேனாவால் புள்ளிகளை எண்ண வேண்டும் என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை. முதல் வாரம் தினமும் ஒரு புள்ளியாவது குறைந்தது.

தேர்வன்று பரிசோதகர் அருகில் வந்து, 'பிரிண்டர்' என்ற பெயரைப் புதிதாகச் சேர்த்துத் துணைச் சர்வரில் காட்டச் சொன்னார். பதிவைச் சேர்த்து, வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை 1இலிருந்து 2 ஆக்கி, மறுஏற்றம் செய்து, துணைச் சர்வரின் முகவரியைக் கொடுத்தே கேட்டேன். முகவரி வந்தது. அவர் திரையின் அடிப்பகுதியில் விரலை வைத்து, "இது எந்தச் சர்வர்?" என்று கேட்டார். நான் சொன்னேன், அவர் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.