காலையில் இரண்டு, மாலையில் இரண்டு

டிசம்பர் 27, சனி

அத்தையின் பிரஷர்: காலை 168/94, 161/92. மாலை 158/90, 159/88. ஏழு நாள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், முதல் நாள் அளவு அதில் சேராது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

விடிந்ததிலிருந்து பத்து மணி வரை அத்தைக்குத் தலைவலி. "பிரஷர்தானே கண்ணு?" என்று நாலு தடவை கேட்டாயிற்று.

டிசம்பர் 28, ஞாயிறு

ஊட்டியில் உறைபனி, தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாம். அத்தை மேல் பனியன், ரவிக்கை, ஸ்வெட்டர், சால்வை. ஸ்வெட்டர் கையைச் சுருட்டி ஏற்றினால் அந்தச் சுருளே கையைக் கயிறு மாதிரி இறுக்கும். அதற்குக் கீழே மெஷின் பட்டையைச் சுற்றி எடுக்கிற எண்ணை நம்ப முடியாது. ஒரு கையை முழுதாக வெளியே எடுத்து, சால்வையை உடம்பைச் சுற்றிப் போர்த்தினேன். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே.

அதற்கு முன்னால் சிறுநீர் கழித்தாக வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, காலைப் பின்னாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். தரை ஜில்லென்று இருப்பதால் காலடியில் சாக்கு. கையை மடியில் வைக்கவே கூடாது. பட்டை நெஞ்சு மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் எட்டுப் புள்ளி சும்மாவே கூடும். இரண்டு தலையணை அடுக்கினேன். எல்லாம் சரி, மெஷின் ஓடும்போது அத்தை பேசுகிறார். பேசினாலும் ஏறும்.

பெரியவரின் நாற்காலியில் அத்தையை உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார்.

டிசம்பர் 29, திங்கள்

மேல் கையை டேப்பால் அளந்தேன். 35 சென்டிமீட்டர். பட்டையில் அச்சடித்திருப்பது 22–32. இரண்டு நாள் எண்ணும் குப்பை.

பட்டை சின்னதானால் ரத்தக் குழாயை அழுத்தி மூட அதிகக் காற்று வேண்டும். மெஷின் அந்த அழுத்தத்தைத்தான் எண்ணாகக் காட்டும். இல்லாத பிரஷர் இருப்பதாகத் தெரியும், மாத்திரையும் கூடும். 32–42 பட்டை கேட்டு மூன்று மெடிக்கலில் ஏறி இறங்கினேன். ஆர்டர் போட்டால் வருமாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

பட்டை வரவில்லை. தலைவலி மட்டும் வந்தது.

டிசம்பர் 31, புதன்

பட்டை வந்தது. முதல் நாளானதால் இரண்டு கையிலும் எடுத்தேன். வலது 146/84, இடது 138/80. இனி எப்போதும் கூடக் காட்டிய வலது கைதான். ஏழு நாள் கணக்கு இன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது.

146-க்குத் தலை வலிக்காது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலை வலிக்கிற நாளில் மாத்திரை, வலிக்காத நாளில் லீவு என்று விடுகிறவர்கள்தான் ஒரு நாள் கைகால் வராமல் விழுகிறார்கள்.

அப்படியானால் இந்த வலி எங்கிருந்து? இன்று வெயில். எட்டு மணிக்கே வாசலில் உட்கார்ந்தார், எட்டரைக்கு வலி போய்விட்டது. அதே அறையில் படுக்கும் சரசுவுக்கும் காலையில் தலைபாரம், குமட்டல். முன் அறையில் படுப்பவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 1, வியாழன்

கட்டிலடியில் கரிச்சட்டி. சீகை மரக் கரி. கதவிடுக்கில் நியூஸ்பேப்பர் வேறு அடைத்திருக்கிறது.

"புகையே இல்லையே கண்ணு, நல்லாக் கனிஞ்ச கரிதானே." புகை இல்லாததுதான் ஆபத்து. காற்றுப் போதாமல் கனலும் கரி கார்பன் மோனாக்சைடு விடும். நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஊட்டி உயரம் 2,240 மீட்டர், ஏற்கெனவே காற்று மெல்லிசு. முதலில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். தூக்கத்திலேயே ஆள் போய்விடுவதும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பக் கூடாது. அதற்கு இந்த வாயுவுக்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது, 97 என்று சமர்த்தாகக் காட்டும். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

ஜன்னலைத் திறந்துவைப்பதற்குள் ஒரு சண்டை. யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்துப் போட வேண்டும், பிறகு 108. ஆக்சிஜன்தான் மருந்து.

சட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டேன். ராத்திரிக்கு வெந்நீர்ப் பை, துணி சுற்றி.

ஜனவரி 2, வெள்ளி

139/82, 136/80. தலைவலி இல்லை. இருவருக்கும்.

ஜனவரி 3, சனி

பிஸ்கட் டப்பாவுக்குள் மருந்துக் கடை. முழங்கால் வலிக்கு டைக்ளோபினாக், சளிக்கு ஃபினைல்எஃப்ரின் கலந்த மாத்திரை. முன்னது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பின்னது ரத்தக் குழாயைச் சுருக்கும். இரண்டும் பிரஷரை ஏற்றும். ஓ.பி.யில் காட்ட அட்டைகளை எடுத்து வைத்தேன்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. அத்தை குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாயில் ஈடுகட்டுகிறார். கருவாட்டைப் பற்றி இன்று பேசவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ராத்திரி மூன்று மணிக்கு அத்தையே எடுத்துப் பார்த்திருக்கிறார். மெஷின் நினைவில் பதினொரு அளவு: 158, 167, 174, 181... பயம் ஏற்றுகிறது, ஏறியதைப் பார்த்து இன்னும் பயம்.

180/120 தாண்டினாலும் வேறு தொந்தரவு இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி எடுக்க வேண்டும். எண் இறங்காமல் அப்படியே நின்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கடித்து நாக்கடியில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். சடாரென்று இறங்கினால் மூளைக்கே ரத்தம் போகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் நேரே 108. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான். சி.டி. ஸ்கேன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும், மலையிறங்கிக்கொண்டே தேட முடியாது.

மெஷின் இனி பீரோவுக்குள்.

ஜனவரி 5, திங்கள்

மூடுபனி, நாலு மணிக்கே இருட்டு. பிரஷர் 135/81. அத்தை எதிர்ச் சுவரில் உட்கார்ந்து நாற்காலியையே பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு பாதி, மூன்று மணிக்கு விழிப்பு. இது வெறும் மார்கழிச் சோம்பல் இல்லை. டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும். மனநல உதவிக்கான 14416 எண்ணைச் சுவர்க் காலண்டரில் எழுதினேன், தமிழில் பேசலாம், காசில்லை. வெயில் வந்தால் பதினொரு மணிக்கு மார்க்கெட் வரை நடை. வந்தால்.

ஜனவரி 6, செவ்வாய்

31-ஐத் தள்ளிவிட்டு ஆறு நாள், 24 அளவு, சராசரி 137/81. மூன்று மணிக் கூத்து சேர்க்கவில்லை. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. கொஞ்சம் கூடுதல்தான், 168 இல்லை. எழுந்தால் பிரஷர் சரிகிறதா என்றும் பார்த்தேன்: எழுந்து நின்று ஒரு நிமிடம் 130, மூன்று நிமிடம் 128. இருபது புள்ளி இறங்கவில்லை.

கணுக்கால் வீக்கம்: பிரஷர் மாத்திரை அம்லோடிபின்னாலா என்று கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

ஜனவரி 7, புதன்

நோட்டு, மெஷின், இரண்டு பட்டையும், மாத்திரை அட்டைகள், எல்லாம் பையில். அத்தை ஐந்துக்கே எழுந்து கிளம்பிவிட்டார். பஸ் 7.10. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறார்.