பாலாறு கடலில் சேரும் இடத்தில் என் தூண்டில்

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்த வேலூர்க்காரர்களில் நானும் ஒருவன். வருஷம் முழுக்க மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற ஆறு, கரைக்குக் கரை செந்தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு நாளாவது தூண்டில் போட வேண்டும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது. வருகிற தை மாதம் போகப் போகிறேன்.

கடல் எனக்குப் புதுசு. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏரி மீன்பிடிதான். பத்து வயதில் மாமா காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கூட்டிப்போய் மூங்கில் கழியும் தக்கையும் கையில் கொடுத்தார், அப்போதிலிருந்து விரால், கெளுத்தி, ஜிலேபி, மண்புழு, கரையோரத்துக் கோரை என்றே ஓடிவிட்டது. தக்கை அமுங்கினால் சட்டென்று சுண்டு, இவ்வளவுதான் பாடம். உப்புத்தண்ணீருக்கு இது போதாது என்று புரியவைத்தவன் நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகன்.

அவன் அங்கே பிடிப்பது ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில் நீளவாக்காக ஏழெட்டு கருங்கோடு போட்ட மீன். வசந்தத்தில் கடலிலிருந்து ஹட்சன், டெலவேர், செசபீக் பக்கத்து ஆறுகளுக்குள் ஏறி முட்டையிடும், இலையுதிர் காலத்தில் இரைமீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கரையோரமாகவே தெற்கே இறங்கும். அந்தச் சமயத்தில் விடியற்காலையில் குளிரில் நின்றுகொண்டு படம் அனுப்புவான். போன தடவை அனுப்பிய மீன் அவன் இடுப்பளவு இருந்தது. "வீட்டுக்கு எடுத்துப் போனியாடா?" என்று கேட்டேன். "இல்லண்ணா, விட்டுட்டேன், அது தாய் மீன்" என்றான்.

அப்புறம் விவரமாகச் சொன்னான். அங்கே கடலில் தூண்டில் போடுகிறவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீன்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமல் 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. இந்த இனத்தில் ரொம்பப் பெரிதாக வளர்வதெல்லாம் ஏறக்குறைய பெண் மீன்கள்தான், அவைதான் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஒரு காலத்தில் அளவில்லாமல் பிடித்து இந்த மீன் அருகிப்போய், மேரிலாந்து மாநிலத்தில் 1985 முதல் 1990 வரை பிடிக்கவே தடை போட்டு வைத்திருந்தார்களாம். இப்போது இரை கோர்த்துப் பிடிப்பவர்கள் முனை உள்பக்கமாக வளைந்த சர்க்கிள் ஹூக் முள்ளைத்தான் போட வேண்டும், அது தொண்டைக்குள் போகாமல் வாய் ஓரத்தில் மாட்டும், மீனை விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் கொடுவாதான் ஞாபகம் வந்தது. அதுவும் முகத்துவாரத்து மீன், அதுவும் வாயைப் பிளந்து இரையை உறிஞ்சி விழுங்குகிற ஜாதி. ஆனால் பயணம் நேர் எதிர்த்திசை. ஸ்ட்ரைப்டு பாஸ் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும், கொடுவா ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளர்ந்து முட்டையிட உப்புத்தண்ணீருக்கு இறங்கும். இன்னொரு ஆச்சரியம், கொடுவா முதலில் சில வருஷம் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறிவிடும். அப்படியென்றால் இங்கேயும் பெரியது தாய்தான். நம் பக்கம் தூண்டில்காரனுக்கு யாரும் அங்குலக் கணக்கு கேட்கப்போவதில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்று, பெரியது மாட்டினால் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவது.

இடம் வாயலூர். கல்பாக்கத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை பாலாற்றைத் தாண்டுகிற ஊர். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலத்தில் 348 கிமீ ஓடிய ஆறு அங்கேதான் கடலைத் தொடுகிறது. வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக 150 கிமீ பக்கம் வரும். வெயில் காலத்தில் போய்ப் பயனில்லை, வாயை மணல் மேடு மூடிவிடும். மழை முடிந்து ஆறு வாயைத் திறந்து வைத்திருக்கிற, கடலும் அடங்கியிருக்கிற தை மாதம்தான் சரி. ஏற்ற வற்றம் நம் கடற்கரையில் அதிகபட்சமே ஒரு மீட்டர் சுமார்தான், தம்பி இருக்கிற பக்கம் சாதாரண நாளிலேயே கிட்டத்தட்ட 5 அடி ஏறி இறங்குமாம். அதனால் நமக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் முக்கியம், அப்போதுதான் நீரோட்டம் கொஞ்சம் வலுவாக இருக்கும். வற்றத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும்போது அதோடு இறாலும் சின்ன மடவையும் வரும், கொடுவா அந்த வழியில் காத்திருக்கும்.

சாமான் விஷயத்தில் ஏரி ராடு வேலைக்கு ஆகாது. 9 அடி ராடு ஒன்றும், உப்பைத் தாங்குகிற ரீல் ஒன்றும் வாங்கியிருக்கிறேன், தம்பி சர்க்கிள் ஹூக் முள் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, மெல்லிய தூண்டில் நரம்பை அறுத்துவிடும், ஆகையால் முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பு. திரும்பி வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், ஒரு நாள் விட்டாலும் உப்பு தின்றுவிடும். கைப்பழக்கத்தை மாற்றுவதுதான் இவை எல்லாவற்றையும்விடக் கஷ்டம். இந்த முள்ளுக்குச் சுண்டவே கூடாது, மீன் இழுத்துக்கொண்டு திரும்பும்வரை பொறுத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். முப்பது வருஷமாகச் சுண்டிய கை. மாலையில் மாடியில் மகனை நரம்பை இழுக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முகத்துவாரத்தில் தண்ணீருக்குள் இறங்குவதில்லை என்பதை வீட்டில் சத்தியமாகச் சொல்லியிருக்கிறேன். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்றைக்கு ஆளை விழுங்கும், மணல் அப்படி நகரும். கிளம்புமுன் இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கையைப் பார்ப்பது, போனதும் அந்த ஊர் மீனவர்களிடம் கேட்டுவிட்டு அவர்கள் வலைக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் நிற்பது, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வது, இந்த மூன்றையும் மகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், அவனும் வருகிறான்.

நாள் குறிப்பதில்தான் சிக்கல். நான் தை அமாவாசை என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பாவுக்குப் படைக்கிற நாள்ல மீன் பிடிக்கப் போறியா?" என்றார். பௌர்ணமி என்றால் தைப்பூசம் வந்து நிற்கிறது. அமாவாசை முடிந்து ஒன்றிரண்டு நாள் வரைக்கும் ஓட்டத்தில் வலு இருக்கும் என்று தம்பி சொன்னதால், இரண்டாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்புவதாக முடிவு. அம்மா கட்டுச்சாதம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார், மீன் கிடைத்தால் செவுளோடு கொண்டுவா, நானே கழுவிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.