1994 லேபிளும் உள்ள இருந்த போர்ட்டும்

நினைவுக்குன்னு லேபிள் ஒட்டி விக்கிற போர்ட் வைன் வீட்ல வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு பின்னாடி இருக்கற லேபிள்ல அது எந்த வகைன்னு ஒரு தடவ படிச்சுடுங்க, எங்க பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஆன மாதிரி ஆகக் கூடாது.

தென்னாப்பிரிக்கால டர்பன் நகரத்துக்கு வந்து சாட்ஸ்வொர்த் பகுதில வீடு எடுத்தப்ப முதல்ல கதவத் தட்டி சமோசா கொடுத்தது அவரும் ஆன்ட்டியும்தான். அவங்க முன்னோருங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க, 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் வந்ததுலேர்ந்து 1911 வரைக்கும் அப்படி இந்தியாவுலேர்ந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க. வீட்ல பேச்சு இங்கிலீஷ்தான், ஆனா புரட்டாசி மாசம் பூரா கறியும் கிடையாது மதுவும் கிடையாது, எங்க தெருவுல ஊர்ல கூட இவ்ளோ கண்டிப்பா பாத்ததில்ல.

1994 ஏப்ரல்ல இந்த நாட்டுல எல்லா இனத்தவரும் சேர்ந்து ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் நடந்துச்சு இல்லையா, அந்த வருஷ நினைவா வந்த பாட்டில்னு வாங்கி ஷோகேஸ்ல நிக்க வச்சிருந்தார். புரட்டாசி முடியட்டும் தம்பி, ரெண்டு குடும்பமும் சேர்ந்து திறக்கலாம்னார்.

கார்க் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, துணில வடிகட்டித்தான் ஊத்தினோம். கருஞ்சிவப்பா இருக்க வேண்டியது வெளிறின பழுப்பா இருக்கு. வாசன, திராட்சய வெல்லப்பாகுல போட்டு அடுப்புல மறந்துட்ட மாதிரி. வாயில வச்சா முதல்ல வெறும் இனிப்பு, அடுத்து பிராந்தி எரிச்சல், நடுவுல பழம்னு ஒண்ணுமே இல்ல. அங்கிள் ஒரு வாய் குடிச்சுட்டு கிளாஸ கீழ வச்சுட்டார், எனக்கு அவர் முகத்தப் பாக்கவே முடியல.

போர்ட்ங்கறது போர்ச்சுகல் வகை இனிப்பு வைன். அதுல திராட்சச் சாறு பாதி புளிக்கும்போதே பிராந்தி ஸ்பிரிட் ஊத்தி நிறுத்திடுவாங்க, அதனால சர்க்கர மிஞ்சும், ஆல்கஹால் 18-20 சதவீதம் நிக்கும். அதுக்காக எல்லா போர்ட்டும் வைக்க வைக்க நல்லாகும்னு இல்ல. விண்டேஜ்னு சொல்ற, ஒரே வருஷ அறுவடைல செய்யற வகைதான் பாட்டிலுக்குள்ளயே வருஷக்கணக்கா முதிரும், அதயும் வெயில் படாம படுக்க வைக்கணும். சாதாரண ரூபி (சிவப்பு வகை), டானி (பீப்பாய்ல வச்சு பழுப்பான வகை) எல்லாம் பாட்டில்ல அடைக்கறப்பவே குடிக்க ரெடி. அங்கிளோடது ரூபி, அதுவும் டர்பன் புழுக்கத்துல நிக்க வச்சு கார்க்கும் காஞ்சு போனது. முன்னாடி வருஷத்த தங்க எழுத்துல போட்டவங்க சீக்கிரம் குடிச்சிடுங்கன்னு பின்னாடி ஒரு வரி போட்டிருக்கலாம்ல, அந்த நாள மனசுல வச்சு காசு கொடுத்து வாங்கின மனுஷன நெனச்சா இன்னமும் கோவம் வருது.

இங்க இந்த மாதிரி வைனுக்கு க்ளைன் கரூங்கற வறண்ட பகுதில இருக்கற காலிட்ஸ்டார்ப் ஊருதான் பேர் போனது, டூரிகா நாசியோனல், டிண்டா பரோக்கான்னு போர்ச்சுகல் திராட்சயே அங்க விளையுது. இப்ப லேபிள்ல போர்ட்னு போடறதில்ல, கேப் ரூபி, கேப் டானி, கேப் விண்டேஜ்னுதான் இருக்கும். தீபாவளிக்கு ஒரு கேப் டானி சொல்லிட்டேன், வந்த அன்னிக்கே அங்கிள் வீட்ல திறக்கறோம்.