சுங்கை சிப்புட்டில் ஒரு பைதான் பில்ட்

மார்ச் 8, 2025, சனி

பைதான் நிரல்மொழியின் 3.13 பதிப்பின் மூலநிரலைக் காலையிலேயே இறக்கி வைத்துவிட்டேன். மத்தியானம் மழை பிடித்தால் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இணையம் படுத்துவிடும். மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக்குவதுதான் பில்ட்; அதற்குக் கான்ஃபிகர், அப்புறம் மேக் என்று இரண்டு கட்டளைகள், அவ்வளவுதான். இன்ஸ்டால் செய்யவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஞாயிறு வகுப்பு இந்த மடிக்கணினியில் இருக்கும் பழைய பைதானை நம்பித்தான் ஓடுகிறது.

பில்ட் நடந்த அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருந்தே புதியதை ஓட்டினேன், ஓடியது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இன்ஸ்டாலே பண்ணலையே, லைப்ரரியெல்லாம் எங்கேருந்து எடுக்குது?" என்றான். எனக்குப் பிடித்த கேள்வி.

மார்ச் 9, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் இருவரும் கெட்பாத் நிரலைத் திறந்து உட்கார்ந்தோம். பைதான் கிளம்பும்போது தன் லைப்ரரி, அதாவது கூடவே வரும் ஆயத்த நிரல்கள், இருக்கும் இடத்தைத் தேடுவது இதன் வேலை. 3.10 வரை சி மொழியில் இருந்தது. 3.11-இல் பைதானிலேயே திருப்பி எழுதிவிட்டார்கள். அதனால்தான் தம்பியால் வரிக்கு வரி படிக்க முடிந்தது.

விடை ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது. மேக் ஓடும்போது பைபில்ட்டிர் (pybuilddir.txt) என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு உருவாகி, பைதான் எக்சிகியூட்டபிளுக்கு, அதாவது நாம் ஓட்டும் கோப்புக்கு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. திறந்தால் ஒரே ஒரு வரி. சி-யில் எழுதிய மாட்யூல்கள் (லைப்ரரியின் துண்டுகள்) கிடைக்கும் உள் அடைவின் பெயர் அதில் இருக்கும்; எங்களுடையதில் லினக்ஸ், எக்ஸ்86-64, 3.13 எல்லாம் கோத்திருந்தது. கோப்பு இருந்தால் 'நான் இன்னும் பில்ட் அடைவில்தான் இருக்கிறேன்' என்று முடிவு கட்டி, மூலநிரலின் லிப் அடைவையே லைப்ரரியாக எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் இன்ஸ்டால் ஆன இடத்தைத் தேடிப் போகிறது. தோட்டத்தில் பிளாக் முனையில் நட்ட நம்பர் பலகையைப் பார்த்து லோரிக்காரர் செம்பனைக் குலை ஏற்ற வருவதும் இப்படித்தான்.

அடைவின் பெயரை வைத்து ஊகிக்காமல், பில்ட் செய்த கருவியே எழுதி வைத்த அடையாளத்தைக் கேட்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். பெயரை யாரும் மாற்றலாம்.

மார்ச் 15, சனி

தம்பி சோதித்துப் பார்த்தான். எக்சிகியூட்டபிளை மட்டும் வேறு அடைவுக்குக் காப்பி எடுத்து ஓட்டினால், என்கோடிங்ஸ் மாட்யூல் இல்லை என்று சொல்லி உடனே நின்றுவிட்டது. பக்கத்தில் அந்தக் கோப்பு இல்லையே! காப்பிக்குப் பதில் சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் லிங்க்) போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. லிங்க் எங்கே போய் முடிகிறதோ அந்த அடைவில்தான் கோப்பைத் தேடுகிறது.

லைப்ரரி இருக்கும் இடத்தை நாமே சொல்லிவைக்கும் பைதான்ஹோம் என்ற சூழல் மாறியை யாராவது செட் செய்து வைத்திருந்தால் இந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. குழப்பமான பிழை வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மார்ச் 16, ஞாயிறு

தனி அடைவில் டீபக் பில்ட் (பிழை தேட உதவும் பில்ட்) போட்டோம். மூலநிரல் அடைவில் ஏற்கெனவே பில்ட் செய்திருப்பதால் அங்கே மேக் கிளீன் கொடுத்து, பழைய பில்டைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பில்ட் ஓரிடம், மூலநிரல் வேறிடம் என்றாலும் தடுமாறவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வழி கம்பைல் ஆகும்போதே உள்ளே பதிந்துவிடுகிறது. பைதானின் அமைப்பு விவரங்களைச் சொல்லும் சிஸ்கான்ஃபிக் மாட்யூலில் 'இது பில்ட் அடைவா' என்று கேட்க ஒரு ஃபங்ஷன் உண்டு. ட்ரூ என்றது.

அடுத்த வாரம் மேக் ஆல்ட்இன்ஸ்டால் கட்டளையால் இன்ஸ்டால் செய்ய வேண்டும். அது பைதான்3 என்ற பெயரைத் தொடாது, பிள்ளைகளின் வகுப்பு பழையபடி நடக்கும்.