மல்பெரி மட்டையும் ஒரு பெயரின் மறுவரவும்

ஒரு நிறுவனம் சரியத் தொடங்குவதை அதன் கணக்கர்களுக்கு முன்பே அறிந்துகொள்பவர்கள் கடையில் நின்று அதன் பொருளை விற்பவர்கள்தாம். சென்னைப் பெரம்பூரில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து வந்த ஒரு புகழ்பெற்ற ஹாக்கி மட்டையின் சரிவையும் மீட்சியையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ரயில்வே குடியிருப்புகளும், 1955இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையும் சூழ்ந்த எங்கள் வட்டாரத்தில் ஹாக்கிக்குத் தனி மரியாதை உண்டு. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்கும் என்பதால் அயனாவரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் மட்டையைப் படிப்புச் செலவாகவே கருதினார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் தாத்தா வாங்கிய அதே பெயரைப் பேரனும் கேட்டு வாங்கியதுண்டு. நான் சொல்லும் ஜலந்தர் மட்டைக்கு அந்நாளில் எங்கள் கடையில் முதல் வரிசை.

1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கைவினைஞர்கள் ஜலந்தரில் மீண்டும் தொடங்கிய பட்டறைகளின் வழியில் வந்தது இந்த நிறுவனம். அவர்களுடைய கைத்திறனை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் கடையின் பின்கட்டில் மட்டைகளைப் பழுதுபார்த்துவந்த மூத்த தொழிலாளி. புதிய மட்டைக் கட்டு வந்திறங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மல்பெரி மரத்தைச் சூடேற்றி வளைக்கும்போது ரேகைகளும் வளைவோடு சேர்ந்தே ஓட வேண்டும்; எங்காவது குறுக்கே ஓடினால், பந்தை ஓங்கி அடிக்கும் போது அந்த இடத்தில்தான் பிளக்கும். பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர் பட்டை வைத்து ஒட்டிய கைப்பிடியின் நுனியை ஆப்புப்போல் சீவி, தலைப்பகுதியில் வெட்டிய பிளவுக்குள் இறக்கியிருப்பார்கள். அந்த இணைப்பின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்; நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிச் சென்றால்தான் மட்டை விற்பனைக்குப் போகும். பல ஆண்டுகள் எல்லா மட்டைகளும் அந்தச் சோதனையில் தேறின.

தரை மாறியதால்தான் மரமட்டை வீழ்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980இல் வி. பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த எச்சரிக்கையை எல்லோரும் மறந்துபோனோம். 1996இல் சாம்பியன்ஸ் டிராபி எழும்பூர் மைதானத்தில் நடந்தபோது வெளிநாட்டு அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள், நீர் தெளித்த தரையில் ஈரத்தை உறிஞ்சாத, பந்தை இன்னும் வேகமாக அனுப்புகிற மட்டைகளைப் பற்றி எங்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். பிறகு கார்பனும் கண்ணாடியிழையும் சேர்ந்த காம்போசிட் மட்டைகள் பரவியபோது பெரிய ஆட்டங்களிலிருந்து மரம் ஏறக்குறைய விலகிவிட்டது.

ஆனால் எங்கள் கடையில் அந்தப் பெயர் விழுந்ததற்குக் காரணம் கார்பன் அன்று. போட்டியைச் சமாளிக்க விலையைக் குறைக்க முனைந்த நிறுவனம், மரத்தைக் காயவைக்கும் காலத்தைக் குறைத்துவிட்டது. ஐப்பசி மழைக்காலத்தில், கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ள, அலமாரியில் இருந்த புது மட்டைகளிலேயே இணைப்பு வாய் திறந்தது. “தம்பி, மரம் காயவே இல்ல. மேல பெயிண்ட் மட்டும் பளபளன்னு இருக்கு” என்று அந்த மூத்தவர் ஒரு மட்டையை என் கையில் கொடுத்தார். நகம் வைக்க வேண்டிய தேவையே இல்லை. விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. முதலாளி எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த விற்பனைப் பிரதிநிதியும் வருவதை நிறுத்திக்கொண்டார். மட்டையின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரின் வண்ணம் மட்டும் அடிக்கடி மாறியது. முதல் வரிசையில் இருந்த பெயர் கடைசி வரிசைக்குப் போய், பின்னர் பள்ளிகளுக்கு மொத்தமாகக் கட்டி அனுப்பும் மலிவுச் சரக்காக ஆனது. தாத்தா காலத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்களிடம் வேறு மட்டையைக் காட்ட வேண்டியிருந்த நாட்கள் எனக்கு மிகவும் வருத்தமானவை.

மீட்சி அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையால் வந்தது. பொறுப்பேற்ற இளைஞர் புதுச் சரக்கின் விலைப்பட்டியலோடு வராமல், உடைந்த மட்டைகளைக் கேட்டு எங்கள் கடைக்கு வந்தார். பின்கட்டில் மூத்தவரின் பக்கத்தில் அமர்ந்து, எந்த மட்டை எங்கே பிளந்தது, எந்த வயதுப் பையன் எப்படி அடித்தான் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுப்பிய கேள்விகளின் தரத்தைக் கண்டபோதே இந்தப் பெயருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அதன் பின் வந்த காம்போசிட் மட்டைகள், கார்பன், கண்ணாடியிழைத் துணிகளில் பிசின் ஊட்டி அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்கிச் செய்யப்பட்டவை. சர்வதேச விதிப்படி மட்டை 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும், எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது, நீளவாக்கில் உள்ள வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இவை சரியாக இருந்தன என்பதைவிட நான் மதித்தது வேறொன்றை. ஒவ்வொரு மட்டையிலும் கார்பனின் விழுக்காட்டை அச்சிட்டதோடு, கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அதிகக் கார்பன் வேண்டாம் என்று எங்களுக்கு எழுதியும் அனுப்பினார்கள். கார்பன் கூடக் கூட மட்டை விறைப்பாகும். வேகம் கிடைக்கும், ஆனால் வரும் பந்தை அணைத்து நிறுத்தத் தெரியாத கைக்கு அது எதிரி. விலை கூடிய மட்டையை விற்காதே என்று சொன்ன நிறுவனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கூடவே, நன்றாகக் காயவைத்த மல்பெரியில் சிறுவர் மட்டைகளையும் மீண்டும் செய்தார்கள். மண் தரையில் ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு இன்றும் அதையே கொடுக்கிறேன்.

2023 ஆகஸ்டில் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் மலேசியாவை 4-3 என்று இந்தியா வென்ற பிறகு எங்கள் கடைக்கு வந்த புதிய கூட்டத்தில், அந்தப் பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டவர்களே அதிகம். பழைய புகழைச் சொல்லி அவர்களிடம் விற்க வேண்டியிருக்கவில்லை. மட்டையைக் கையில் கொடுத்து, பந்தை நிறுத்திப் பார்க்கச் சொன்னாலே போதுமாக இருந்தது.

அவர்கள் இன்னும் தொடாத பகுதி கோல்கீப்பருக்கான கவசங்கள். அடர்ந்த ஃபோம் கால் கவசம், பாதத்தை மூடும் கிக்கர், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் ஓர் எளிய குடும்பத்தால் வாங்க முடியாத விலை ஆகிவிடுவதால், ஒரே கவசத்தைப் பல பிள்ளைகள் மாற்றி மாற்றி அணிந்து பயிற்சி செய்கிறார்கள். சிறுவர் அளவில், தாங்கும் விலையில் ஒரு தொகுப்பு வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். இந்த முறை பதில் வந்துவிட்டது; எங்கள் பிள்ளைகளின் கால் அளவுகளைக் கேட்டிருக்கிறார்கள்.