ஒரு ஐநூறை விழுங்கிய செட்

போன வாரம் ஒரே ஒரு வரி கோட் என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டது. ஜாவா புரோகிராமில் இரண்டு லிஸ்டுகள். ஒன்றில் எங்கள் டேட்டாபேஸில் பதிவான அன்றைய வசூல் தொகைகள், மற்றதில் வங்கி ஃபைலில் வந்தவை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸ் மெத்தடைப் போட்டேன். ஃபால்ஸ், அதாவது இல்லை என்றது.

வரிசை மாறியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. லிஸ்ட் என்றால் வரிசையும் ஒத்துப்போக வேண்டும். சரி, செட் என்ற தொகுப்பு வரிசையைப் பார்க்காது என்பதால் இரண்டையும் அதன் ஒரு வகையான ஹேஷ்செட்டில் கொட்டினேன். அப்போதும் ஃபால்ஸ்!

பிழை தேட உதவும் டீபக்கரில் புரோகிராமை நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் 500.0, இன்னொரு பக்கம் 500.00. தொகைகளை வைத்திருந்த பிக்டெசிமல் என்ற தசம எண் வகையின் ஈக்வல்ஸுக்கு இவை வேறு வேறு. புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதையும் அது கணக்கில் எடுக்கும். எது பெரிது, எது சிறிது என்று ஒப்பிடும் கம்பேர்டூவைக் கேட்டால் இரண்டும் சமம் என்று 0 தரும். இந்த இரண்டு தொகைகளையும் ஹேஷ்செட்டில் போட்டால் இரண்டாக நிற்கும், கம்பேர்டூவை நம்பும் ட்ரீசெட்டில் போட்டால் ஒன்றுதான் மிஞ்சும். ஒரே வீட்டில் இரண்டு நியாயம்.

எல்லாத் தொகைகளுக்கும் செட்ஸ்கேல் 2 வைத்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கமாக்கினேன். ட்ரூ வந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் டெஸ்டர் காத்திருந்தார். அன்று இரண்டு பேர் ஆளுக்கு 500 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். வங்கி ஃபைலில் ஒரு 500தான் இருக்கிறது. என் புரோகிராம் கூசாமல் 'சரி' என்கிறது. செட்டுக்குள் போனதும் இரண்டு ஐநூறும் ஒன்றாகிவிட்டதை நான் யோசிக்கவே இல்லை. கன்டெய்ன்ஸ்ஆல் போட்டு இரண்டு பக்கமும் சோதித்திருந்தாலும் இதே கதைதான். இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், எத்தனை என்று எண்ணாது.

கடைசியில் கல்லாப்பெட்டியில் நோட்டு எண்ணுகிற மாதிரி செய்தேன். ஒரு ஹேஷ்மேப், தொகை கீ, எத்தனை முறை வந்தது என்பது வேல்யூ. மெர்ஜ் மெத்தடில் ஒவ்வொன்றாகக் கூட்டிவிட்டு, இரண்டு மேப்பையும் ஈக்வல்ஸில் ஒப்பிட்டேன். வரிசை தொல்லையும் இல்லை, எண்ணிக்கையும் தப்பாது.

இதைப் பார்த்த டீம் தம்பி ஒருவர் வேறொரு இடத்தில் இரண்டு ஹேஷ்மேப்பின் வேல்யூஸை மட்டும் எடுத்து ஈக்வல்ஸ் போட்டுவிட்டு, "அக்கா, எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஃபால்ஸ்" என்று வந்து நின்றார். வேல்யூஸ் தருவது லிஸ்டும் இல்லை, செட்டும் இல்லை. அதன் ஈக்வல்ஸ் இரண்டும் அதே ஆப்ஜெக்ட்டா என்று மட்டும்தான் பார்க்கும். அவரை உட்காரவைத்து, முதலில் ஐநூறு ரூபாய் கதையைச் சொன்னேன்.