நாலு மணிக் கனா

அப்பா போய் ஆறு வருசம் ஆகிறது. அதில் முதல் மூன்று வருசம் எனக்கு வந்தது ஒரே கனாதான். திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிள், அதன் மேல் மலை மாதிரி துணி, அதற்குள் எங்கேயோ என் போன் அடிக்கிறது. துணியை வாரி வாரிப் போடுகிறேன், குவியல் குறைந்தால்தானே. ரிங் நின்றதும் விழிப்பு வந்துவிடும். மணி பார்த்தால் நாலு, நாலே கால்.

நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போன மனுசனுக்கு நெஞ்சு வலி. எனக்கு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் நைட் ஷிப்ட், போன் பைக்குள் கிடந்தது.

அமிச்சி, அதாவது என் பாட்டி, தலையணைக்கடியில் இரும்பு வைத்தார், கையில் கயிறு கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். "விடியக்காலக் கனா பலிக்கும் கண்ணு, சாக்கிரதையா இரு" என்று வேறு சொல்லிவைக்க, நாலு மணி ஆனாலே அம்மாவுக்குப் போன் போட ஆரம்பித்தேன். விசயம் ரொம்பச் சாதாரணம் என்று அப்புறம்தான் தெரிந்தது. மூடிய இமைக்குள் கண் ஓடுகிற ரெம் உறக்கத்தில்தான் (1953இல் அமெரிக்காவில் எழுதி வெளியிட்டார்கள்) அழுத்தமான கனாக்கள் வருமாம். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருதரம் வரும் அது, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். நாலு மணிக் கனா மனசில் நிற்பது அதனால்தான்.

கோவையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். பேச ஆரம்பித்த முதல் மாதம் வாரம் ரெண்டு என்றிருந்த கனா தினமும் வந்தது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதியில் ஓடப் பார்த்திருக்க மாட்டேன். பிறகு அவர் கனாவை எழுதி, முடிவை மட்டும் இஷ்டப்படி மாற்றி, பகலில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு. ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து, கெட்ட கனாக்கள் குறைந்ததாக 2001லேயே அமெரிக்காவில் ஆய்வு வெளியாகியிருக்கிறது. சரி, எழுதினேன்: போன் கிடைக்கிறது, மன்னிப்புக் கேட்கிறேன், அப்பா அழுகிறார். சினிமா மாதிரி.

நான் எழுதின அந்தக் கனா இன்றுவரை வரவில்லை. பழைய கனாதான் மாறியது. முதலில் துணி குறைந்தது. இன்னொரு நாள் போன் கண்ணில் பட்டது, கை போகவில்லை. போன ஆடியில் எடுத்தே விட்டேன். பின்னால் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"கண்ணு, மஞ்சளுக்குத் தண்ணி பாஞ்சிருச்சு, மோட்டாரை நிறுத்திட்டு வந்தர்றேன்."

வைத்துவிட்டார். நெஞ்சு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுந்து பார்த்தால் மணி ஆறரை.

அம்மாவிடம் சொன்னேன். "மஞ்சளா? அங்க இப்பத் தென்னம்பிள்ளையல்ல நிக்குது" என்றார்.